எனக்கு நானே அனுப்பிய கடிதங்கள்

என்னை ஒரு கம்பெனியின் இயக்குநராக்கிய கடிதம் என் பெயருக்கு வரவில்லை, என் நாற்காலிக்கு வந்தது. ஜோகூர் பாருவில் எங்கள் அலுவலகத்தின் தலைவர் திடீரென்று வேறு துறைக்கு மாற்றலாகிப் போனார். புதியவர் வரும்வரை நான் பொறுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். அவருடைய அறைச் சாவி, ரப்பர் முத்திரை, தண்ணீர் ஊற்ற மறந்த ஒரு செடி எல்லாம் எனக்கு வந்தன. இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இயக்குநர் பதவியும் வந்தது. அப்போதெல்லாம் எங்கள் மாநிலத்தில் ஞாயிறு வேலை நாள்.

கடிதத்தைப் பிரித்தவர் எங்கள் தலைமைக் கிராணி, அலுவலக எழுத்தர்களுக்கெல்லாம் மேலானவர். என்னைவிட ஆறு வயது மூத்த மலாய்க்காரப் பெண்மணி. அலுவலக விதிகளைப் பக்க எண்ணோடு சொல்லுவார். நான் அவரைக் 'காக்' என்று கூப்பிடுவேன், அக்கா மாதிரி. அவர் என்னைப் 'புவான்' என்பார், மேடம் மாதிரி. பேச்செல்லாம் மலாயில்தான்.

"புவான், நீங்க மெத்தை கம்பெனிக்கு இயக்குநர் ஆயிட்டீங்க."

"நானா? எனக்கு மெத்தையப் பத்தி என்ன தெரியும் காக்?"

"முன்னால இருந்தவருக்கும் ஒண்ணும் தெரியாது. அவரு நாலு வருஷம் இருந்தாரே!"

விஷயம் இதுதான். பண்டார் தெங்காராவில் ஓர் ஆலை. செம்பனை எண்ணெய் மில்கள் பழத்தை உதிர்த்துவிட்டுத் தள்ளும் வெறுங்குலைகளை வாங்கிப் பிழிந்து, நார் எடுத்து, மெத்தைக்குள் வைக்கும் திண்டு செய்வார்கள். பிழிந்த கழிவுநீர் ஆலைக்குப் பின்னால் ஒரு குளத்தில் தேங்கி நிற்கும். நிலம் மாநில அரசாங்கத்தினுடையது. அதற்காக அரசாங்கத்துக்குக் கொஞ்சம் பங்கு, பங்குக்காக இயக்குநர் வாரியத்தில் ஒரு நாற்காலி. அந்த நாற்காலியில் எங்கள் அலுவலகத் தலைவர் உட்கார வேண்டும் என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தின் வேலையோ, ஆலைகளின் கழிவுநீர் எந்தக் கால்வாயில் போகலாம் என்று அனுமதி கொடுப்பதும், மீறுகிறவர்களுக்கு எச்சரிக்கை அனுப்புவதும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. கௌரவமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் மாசாயில் எங்கள் வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் பாசிர் கூடாங்கில் ஒரு ஆலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"எங்க கம்பெனிக்கும் அரசாங்கத்துலேர்ந்து ஒருத்தர் அப்படி வருவாரு. கரிபாப் சாப்பிடுவாரு, 'நல்லா பண்ணுங்க'ன்னு சொல்லுவாரு, போயிடுவாரு. நீயும் அப்படியே பண்ணிடு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா கரிபாப் நல்லா இருக்கும்."

முதல் கூட்டத்துக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன். ஆலைக் கொட்டகையின் மேல் மாடியில் நீளமான அறை. கீழே குலைகளைக் கிழிக்கும் இயந்திரம் ஓடினால் மேசை மெல்ல நடுங்கும், கோப்பையில் தேத்தண்ணி வட்டம் வட்டமாக ஆடும். ஒவ்வொரு நாற்காலிக்கு முன்னாலும் ஒரு பெயர்ப் பலகை. என் பலகையில் என் பெயர் இல்லை. 'அரசாங்கம்' என்று மலாயில் எழுதியிருந்தது.

வாரியத்தில் நான்கு பேர். தலைவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி, டத்தோ பட்டம் வாங்கியவர், பேசும்போதே கண்ணை மூடிக்கொள்வார். இரண்டாமவர் ஆலையின் நிர்வாகி. குளுவாங் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்த சீனர் ஒருவரின் மகன், தோட்டத்து ஆட்களோடு வியாபாரம் பேசிப் பேசித் தமிழ் கற்றவர். மூன்றாமவர் வெளிநாட்டில் இருந்தார். அவரைக் கடைசிவரை நான் நேரில் பார்க்கவே இல்லை. நான்காவது ஆள் நான், அரசாங்கம்.

இவர்களைத் தவிர கம்பெனிச் செயலாளர் ஒரு பெண், நம்மவர்தான். குளுவாங் மாதா கோவில் பாடகர் குழுவில் பாடுகிறவர். கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருப்பார். வாரியத்தில் அவருக்கு ஓட்டு கிடையாது. ஆனால் அந்த அறையில் சட்டம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

தலைவர் கண்ணை மூடியபடி ஏதோ இயந்திரம் வாங்குவது பற்றிப் பேசினார். பிறகு கேட்டார்:

"அரசாங்கம் என்ன நினைக்குது?"

நானும் மற்றவர்களைப் போலச் சுற்றும் முற்றும் பார்த்தேன். செயலாளர் மேசைக்கடியில் என் முழங்கையைத் தொட்டார்.

"அக்கா, நீங்கதான்."

அரசாங்கத்துக்கு அந்த நிமிடத்தில் தொண்டை வறண்டிருந்தது. கொஞ்சம் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அது நினைத்தது. "நல்ல யோசனை டத்தோ. ஆனா இங்க குளிர் கொஞ்சம் அதிகமா இருக்கு" என்றேன்.

அடுத்த மாதம் கூட்டக் குறிப்பு வந்தது. 'புதிய இயந்திரத்தை அரசாங்கம் வரவேற்றது. குளிர்சாதனத்தைக் குறைக்கும்படி அரசாங்கம் கேட்டுக்கொண்டது' என்று அதில் இருந்தது. கணவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, வீட்டுக் குளிர்சாதனத்தைத் தொடும்போதெல்லாம் "அரசாங்கம் அனுமதிக்குமா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

மூன்று கூட்டம் இப்படியே போயிற்று. உருளைக்கிழங்கு மசாலா அடைத்த அந்தக் கரிபாப் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

நான்காவது மாதம் ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் வேன் சாவி தொங்கியது. பண்டார் தெங்காராவில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நேராக என் அறைக்குள் வந்து, ஒரு மினரல் வாட்டர் பாட்டிலை என் மேசையில் வைத்தார். உள்ளே கறுப்பாக ஏதோ இருந்தது. கொப்பி, கடுங்காப்பி என்றுதான் நினைத்தேன்.

"குடிங்க மேடம்" என்றார்.

"என்னம்மா இது?"

"எங்க தாமான்ல வீடுங்களுக்குப் பின்னால ஓடுற லொங்காங் தண்ணி, சாக்கடை. மெத்தை ஃபேக்டரியிலேர்ந்து வருது. என் வேன் அந்த லொங்காங் பக்கத்துலதான் நிக்குது. பிள்ளைங்க மூக்க மூடிக்கிட்டுதான் ஏறுதுங்க. ரெண்டு அம்மாமாருங்க வேற வேன் மாத்திட்டாங்க. நான் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வேனைக் கழுவுறேன் மேடம். கழுவுற தண்ணியை எங்க ஊத்துறது? அதே லொங்காங்லதான்!"

மூடியைத் திறந்தேன். புளித்த நாற்றம் அறையை நிறைத்தது. முகர்ந்ததும் தெரிந்துவிட்டது. மேல் மாடியில் கரிபாப் சாப்பிடும்போது ஜன்னல் வழியாக லேசாக வரும் அதே வாசம். அங்கே அதை எண்ணெய் வாசம் என்று நினைத்திருந்தேன்.

அன்றே எச்சரிக்கைக் கடிதம் எழுதினேன். பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தராவிட்டால் அனுமதி ரத்து செய்யப்படும் என்று கடுமையாகவே எழுதினேன். முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டபோது நல்ல வேலை செய்தது போலிருந்தது.

அடுத்த வாரியக் கூட்டத்தில் அந்தக் கடிதம் முதல் விஷயமாக வந்தது. தலைவர் கண்ணைத் திறந்து முழுவதையும் உரக்க வாசித்தார்.

"நல்லா கடுமையா எழுதியிருக்காங்க. யாரு இந்த அதிகாரி?"

"நான்தான் டத்தோ."

"அப்படியா!" அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். "ரொம்ப நல்ல மலாய். சரி, பதிலையும் நீங்களே எழுதிடுங்க. அரசாங்கத்துக்கு எப்படி எழுதணும்னு அரசாங்கத்துக்குத்தானே தெரியும்."

"டத்தோ, அது முறையா இருக்காதே. கேட்டதே நான்தான்."

"அதனாலதான் சொல்றேன். கேள்வி என்னன்னு உங்களுக்கு நல்லா புரிஞ்சிருக்கும்."

நிர்வாகி சத்தமில்லாமல் சிரித்தார். 'அரசாங்கக் கடிதங்களுக்குப் பதிலளிக்கும் பொறுப்பு அரசாங்க இயக்குநருக்கு அளிக்கப்பட்டது' என்று செயலாளர் எழுதிக்கொண்டார். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அவரைப் பிடித்தேன்.

"ஏம்மா, இது தப்பில்லையா?"

"தப்புதான் அக்கா. ஆனா தீர்மானம் ஆயிடுச்சு. இப்ப நீங்க எழுதலைன்னா அதுவும் தப்பு."

வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பதில் எழுதினேன். கம்பெனியின் பணிவான வணக்கத்தோடு தொடங்கி, தங்கள் கடிதம் கிடைத்தது, கழிவுநீர்க் குளத்தின் கரையைப் பார்வையிட ஏற்பாடு செய்யப்பட்டு வருகிறது, பொறுமைக்கு நன்றி என்றெல்லாம் எழுதினேன். எதுவும் பொய்யில்லை. எதுவும் உண்மையும் இல்லை. இந்த மாதிரி கடிதங்களை இருபது வருடமாக வாங்கிப் படித்துப் பழகிய கைக்கு அது எளிதாகவே வந்தது.

மூன்று நாள் கழித்து காக் அதை முத்திரை குத்தி உள்ளே கொண்டுவந்தார்.

"புவான், இந்த கம்பெனிக்காரங்க நம்மள ஏமாத்துறாங்க."

வாசித்தேன். உண்மையிலேயே கோபம் வந்தது. எப்போது பார்வையிடுவார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. தண்ணீரை எப்படி நிறுத்துவார்கள் என்று இல்லை. எழுதிய ஆள் ஒரு நிமிடமாவது அந்தத் தாமானில் நின்று பார்த்திருப்பாளா என்று தோன்றியது. கீழே என் கையெழுத்து இருந்தது. அப்படியும் கோபம் குறையவில்லை.

"காக், இதை எழுதினது நான்."

"தெரியும். கையெழுத்து பார்த்தேன். இருந்தாலும் பதில் திருப்தியா இல்ல. இரண்டாவது எச்சரிக்கை அனுப்பணும், விதி அப்படித்தான்."

அனுப்பினேன். கூடவே எங்கள் சட்டப் பிரிவுக்கும் ஒரு குறிப்பு எழுதினேன். ஒரே அதிகாரி இரண்டு பக்கமும் இருப்பது சரியா, என்ன செய்வது என்று கேட்டேன். அவர்களும் அதிசயமாக வேகமாகப் பதில் போட்டார்கள்: 'அந்தக் கம்பெனியைப் பொறுத்த விஷயங்களில் வாரியத்தில் உள்ள அரசாங்கப் பிரதிநிதியைக் கலந்தாலோசிக்கவும்.'

அரசாங்கப் பிரதிநிதியைக் கலந்தாலோசித்தேன். அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இரண்டாவது எச்சரிக்கை போனதும் வாரியம் அவசரமாகக் கூடியது. இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். இந்த விஷயம் பேசும்போது நான் அறையில் இருக்கக்கூடாது, வெளியே போகிறேன் என்றேன். தலைவர் மிகவும் நேர்மையான முடிவு என்று பாராட்டினார். எழுந்து கதவுவரை போய்விட்டேன்.

"அக்கா, கோரம் இல்ல" என்றார் செயலாளர்.

யார் முகத்தைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன்.

"கூட்டம் நடக்க மூணு பேராவது இருக்கணும். நீங்க போயிட்டா ரெண்டு பேருதான். ரெண்டு பேரு முடிவு பண்ணா செல்லாது."

தலைவர் என்னை உள்ளே வரச் சொன்னார். உள்ளே வந்தால் நேர்மை போகும், வெளியே போனால் கூட்டம் போகும். நான் வெளியே போகலாம் என்று வாரியம் தீர்மானம் போடலாமா என்று அவர் கேட்டார். போடலாம், ஆனால் அதற்கு நான் உள்ளே இருக்க வேண்டும் என்றார் செயலாளர். வெளிநாட்டில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவருடைய தொலைபேசி ஏதோ ஒரு மொழியில் மன்னிப்புக் கேட்டது. நான் கதவுப்பிடியைப் பிடித்தபடி ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நின்றேன். இப்படி நின்றால் எப்படி என்று நிர்வாகி கேட்டார். செயலாளர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்.

"ஒரு வழி இருக்கு. அக்கா உள்ளேயே இருக்கலாம், ஓட்டு மட்டும் போடக்கூடாது. சட்டம் அதுக்கு இடம் கொடுக்குது."

தலைவருக்கு அது போதவில்லை. "ஓட்டுப் போடாம இருந்தா போதுமா? கேக்கவும் கூடாது. அரசாங்கத்தோட காதுல கம்பெனி ரகசியம் விழக்கூடாது."

உடனே நிர்வாகி கீழே இறங்கிப் போனார். கையில் காதுக்கவசத்தோடு திரும்பி வந்தார். குலை கிழிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் போடுவது, ஆரஞ்சு நிறத்தில் இரண்டு பெரிய கிண்ணங்கள்.

"அம்மா, போட்டுக்குங்க லா. புதுசுதான், யாரும் போடல."

போட்டுக்கொண்டேன். பட்டுச்சேலையும் ஆரஞ்சுக் காதுக்கவசமுமாக 'அரசாங்கம்' என்ற பலகைக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிரச்சினை என்னவென்றால், எல்லாம் கேட்டது. எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில் தலைவர் வழக்கத்தைவிடச் சத்தமாகவே பேசினார்.

"அந்த அம்மா ரொம்ப கண்டிப்பானவங்க. இன்னும் மூணு மாசம் அவகாசம் கேப்போம். அதுக்குள்ள அவங்களை மாத்திடுவாங்க."

"கரைய சரி பண்ணா முடிஞ்சுது டத்தோ" என்றார் நிர்வாகி. "ரெண்டு நாள் வேலை."

"அனுமதி இல்லாம தோண்ட முடியாது. அனுமதி கேட்டா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி. அவகாசமே கேப்போம். யார் எழுதறது?"

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். எனக்குத்தான் கேட்கவில்லையே. செயலாளர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என் பக்கம் நகர்த்தினார்: 'அவகாசம் கேட்டு உங்களுக்கு நீங்கள் எழுத வேண்டும்.'

திரும்பும் வழியில் காரில் தனியாகச் சிரித்தேன். கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். முன்னால் குலை ஏற்றிய லோரி ஒன்று முந்த விடாமல் போய்க்கொண்டிருந்தது. அவகாசம் கேட்டு எழுதினால் நான் கொடுக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். கொடுக்காவிட்டால் மறுபடி எழுதச் சொல்வார்கள் என்றும் தெரியும். இப்படியே நான் ஓய்வு பெறும்வரை போகலாம். தண்ணீர் மட்டும் நிற்காது.

சாலையோரம் நிறுத்தி, வேன்காரப் பெண்ணைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வீடு எங்கே என்று கேட்டு வண்டியைத் திருப்பினேன்.

வரிசை வீடுகளின் பின்னால் கால்வாய். கறுப்புத் தண்ணீர் ஓடாமல் தேங்கி நின்றது, மேலே எண்ணெய் வானவில் மாதிரி மினுங்கியது. மஞ்சள் வேன் ஜன்னல்களை இறக்கிவிட்டு நின்றது. உள்ளே கண்ணாடியில் மூன்று வாசனைப் பொட்டலங்கள் தொங்கின. அந்தப் பெண் பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நடந்ததையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். கம்பெனியில் நானும் ஓர் இயக்குநர் என்பதை, கடிதங்களை, காதுக்கவசத்தைக்கூட. கோபப்படுவார் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு கேட்டவர், காதுக்கவசம் வந்த இடத்தில் வெடித்துச் சிரித்துவிட்டார்.

"அலமாக்! அப்ப நீங்கதான் அனுப்புறீங்க, நீங்கதான் வாங்குறீங்களா?"

"ஆமா."

"அப்ப ரொம்ப சுலபமாச்சே அக்கா." மேடம் போய் அக்கா வந்திருந்தது. "ரெண்டு பக்கமும் நீங்கதான் இருக்கீங்க. நீங்க சரின்னு சொன்னா யாரு இல்லன்னு சொல்லப் போறா?"

முதல் எச்சரிக்கை போனதிலிருந்து இரண்டு பேராக இருப்பது தப்பு என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒன்றாக ஒரு வேலை செய்யலாம் என்று யோசிக்கவில்லை. அதுவும் தப்புதான், இன்னும் பெரிய தப்பு. ஆனால் கால்வாய் ஓரத்தில் நிற்கும்போது சின்னதாகத் தெரிந்தது.

அங்கிருந்தே நிர்வாகியைக் கூப்பிட்டேன். கழிவுநீர்க் குளத்தின் கரை எங்கே உடைந்திருக்கிறது, எவ்வளவு தோண்ட வேண்டும் என்று கேட்டேன். அவர் படம் வரைந்தே வைத்திருந்தார். யாரும் கேட்கவில்லையாம். "நான் மூணு மாசமா சொல்றேன் அம்மா. நம்ம பேச்சு யாரு கேக்குறா?" என்றார். கம்பெனிக்குள் சம்மதம் வாங்குவதற்குச் செயலாளர் ஒரு வழி சொன்னார். கூட்டமே போடாமல், தீர்மானத்தைக் காகிதத்தில் எழுதி ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினால் போதும். தலைவரிடம் அவரே கொண்டுபோனார். 'அரசாங்கம் கேட்டுக்கொண்டபடி' என்று முதல் வரியில் எழுதியிருந்ததால், தலைவர் இரண்டாவது வரியைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். வெளிநாட்டுக்காரரின் கையெழுத்து கணினியில் பத்து நிமிடத்தில் வந்தது. ஆள்தான் கிடைக்கமாட்டார், கையெழுத்து எப்போதும் கிடைக்கும் என்றார் செயலாளர்.

மறுநாள் காலை விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நேராக என் அறைக்குப் போனேன். காக் வாசலில் மறித்தார்.

"கையில என்ன புவான்?"

"மெத்தைக் கம்பெனியோட விண்ணப்பம். கரையைத் தோண்டி அடைக்க அனுமதி."

"விண்ணப்பம்னா முகப்புல கொடுக்கணும். எண் எடுங்க."

"காக், நான்தானே..."

"இந்தக் காகிதம் கையில இருக்கிறவரைக்கும் நீங்க பொதுமக்கள்."

அவர் சொன்னது விதிப்படி சரி. வெளியே போய், எண் எடுத்து, பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் கையில் கோப்போடு ஒரு பெரியவர். குலாயில் கார் கழுவும் கடை வைத்திருக்கிறாராம்.

"நீங்களும் தண்ணி விஷயமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"பாத்து பேசுங்க. உள்ள ஒரு அம்மா இருக்காங்களாம், நம்ம ஆளுதான். ஆனா ரொம்ப முறைப்பாம். எனக்கு ரெண்டு தரம் திருப்பி அனுப்பிட்டாங்க."

"எதுக்கு அனுப்புனாங்க?"

"குழாய் படம் தெளிவா இல்லையாம். நான் என்ன, ஓவியரா?"

கோப்பை வாங்கிப் பார்த்தேன். இருபது வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் படம் அவ்வளவு மோசமில்லை. எங்கே ஒரு கோடு போட்டால் போதும் என்று காட்டிக் கொடுத்தேன். "உங்களுக்கு இதெல்லாம் நல்லா தெரியுதே" என்று நன்றி சொன்னார்.

என் எண் வந்தது. முகப்பில் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். காக் முன்பின் தெரியாதவரைப் போல அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிச் சரிபார்த்து, முத்திரை குத்தி, ரசீது கொடுத்து, "அதிகாரி முடிவு செஞ்சதும் தெரிவிப்போம்" என்றார். நான் கட்டிடத்தைச் சுற்றிப் பின் வாசல் வழியாக உள்ளே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் கோப்பு என் மேசைக்கு வந்தது. அவசரப்படாமல் ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். ஓர் இடத்தில் தோண்டும் ஆழம் விட்டுப்போயிருந்தது. நிர்வாகியைக் கூப்பிட்டுக் கேட்டு எழுதச் செய்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாம் முடிந்தது.

இரண்டு நாளில் கரையை அடைத்தார்கள். ஒரு வாரம் மழை பெய்து கால்வாயைக் கழுவியது. வேன்காரப் பெண் தெளிந்த தண்ணீரைப் படம் எடுத்து அனுப்பினார். முழுக்கத் தெளிவில்லை. தாமான் கால்வாய் எவ்வளவு தெளிவாக இருக்குமோ அவ்வளவு.

அதற்கப்புறம் வந்ததுதான் வேடிக்கை. ஆண்டு முடிவில் எங்கள் துறையில் விரைவான சேவைக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுப்பார்கள். ஒரே காலையில் முடிந்த விண்ணப்பம் என்று அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மேடையில் பத்திரம் வாங்கிய அதே வாரம், தணிக்கைப் பிரிவிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதே கோப்பு. விண்ணப்பித்தவரும் அனுமதித்தவரும் ஒரே ஆளாக இருப்பது எப்படி என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. அதைத்தான் நானும் எல்லாரிடமும் கேட்டேன்.

இரண்டு அதிகாரிகள் வந்து பேசினார்கள். மரியாதையானவர்கள். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். சட்டப் பிரிவின் பதிலையும் காட்டினேன். ஒருவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் படித்தார்.

"அவசரப்படுத்தச் சொல்லி உங்களுக்கு யாராவது அழுத்தம் கொடுத்தாங்களா?" என்று கேட்டார் மற்றவர்.

"கொடுத்தாங்க. பள்ளிக்கூட வேன் ஓட்டுற ஒரு அம்மா."

அவர் அதை எழுதிக்கொண்டார். "அவங்களுக்கு இதுல என்ன லாபம்?"

"பிள்ளைங்க மூக்கை மூடாம வேன்ல ஏறும்."

அதையும் எழுதிக்கொண்டார்.

அந்த இரண்டு மாதம் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. வேலை போய்விடும் என்றே நினைத்தேன். கணவர் வேடிக்கை பேசுவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. செய்தது சரியா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். ஆலைக்காரரிடம் நான் பணம் வாங்கியிருந்தாலும் வெளியிலிருந்து பார்க்க இதே மாதிரிதானே இருந்திருக்கும்? எண் எடுத்தது, ரசீது வாங்கியது, ஆழம் கேட்டது எல்லாம் எனக்கும் காக்குக்கும்தான் தெரியும். இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

கடைசியில் முடிவு வந்தது. குற்றம் எதுவுமில்லை, ஆனால் வாரியத்திலிருந்து என்னை விடுவிக்கிறார்கள், இனிமேல் அனுமதி கொடுக்கும் அலுவலகத்திலிருந்து யாரும் அந்த நாற்காலிக்குப் போகக்கூடாது. சந்தோஷப்பட வேண்டிய முடிவு. சந்தோஷப்பட்டேன். கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது என்று சொன்னால் கணவர் சிரிப்பார்.

என் இடத்துக்கு வேறு துறையிலிருந்து ஒருவரை நியமித்தார்கள். விளையாட்டு மைதானங்களைப் பராமரிக்கும் பிரிவு. இளையவர், பணிவாகப் பேசினார். முதல் கூட்டத்துக்கு முந்தின நாள் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"புவான், அங்க நான் என்ன செய்யணும்?"

நிறையச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலயே போயிடுங்க" என்றேன். "மாடிக்குப் போகாதீங்க. நிர்வாகியைக் கூட்டிக்கிட்டு ஆலைக்குப் பின்பக்கம் நடந்து பாருங்க. அவருக்கு எல்லாம் தெரியும், கேட்டா சொல்லுவாரு."

"சரி புவான்." எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "அப்புறம், வண்டி நிறுத்த நிழல் இருக்குமா?"

"கேட்டுக்குள்ள இடது பக்கம் ஒரு ரம்புத்தான் மரம் இருக்கு" என்றேன். "எறும்பு அதிகம். ஜன்னலை மூடிட்டுப் போங்க."